நிஜாம் நகரம் – 23: நின்ற கார்களும் ஓடிய கார்களும்

ஹைதராபாத்தின் பழைய கார்கள் என்று பேச்செடுத்தால் எவரும் முதலில் கைகாட்டுவது சௌமஹல்லா அரண்மனையை. சார்மினாருக்குப் பக்கத்தில், கில்வத் பகுதியில் உள்ள அந்த அரண்மனையில் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் ஒன்று காட்சிக்கு நிற்கிறது. அதற்கு ஆர்டர் கொடுத்தவர் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான். உடல் கட்டியது லண்டனின் பார்க்கர் கம்பெனி. மஞ்சள் என்பது ஆசஃப் ஜாஹி வம்சக் கொடியின் நிறம். பின்புறத்தில் அரியணை போல உயர்த்தி அமைத்த ஓர் இருக்கை உண்டு. 'அரியணைக் கார்' என்ற பெயர் அதனால் வந்தது. கார் வந்து சேருமுன்பே, 1911 ஆகஸ்ட் 29 அன்று, ஆர்டர் கொடுத்தவர் இறந்துபோனார். மகன் மீர் உஸ்மான் அலி கான் ஏழாம் நிஜாமாகி 37 ஆண்டுகள் ஆண்டார். இத்தனை காலத்திலும் அந்தக் கார் ஓடியதாகச் சொல்லப்படும் மொத்தத் தூரம் 356 மைல். கிலோமீட்டரில் 573. ஹைதராபாத்தில் புறப்பட்டுச் சென்னை வந்து சேர அது போதாது. சூலூர்ப்பேட்டையைத் தாண்டியதும் எங்காவது நின்றுவிடும்.

இந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தூரம் காட்டும் மீட்டர்கள் பழுதாகும், பழுதானதை மாற்றுவார்கள். சரி, பத்து மடங்கு கூட்டியே வைத்துக்கொள்வோம். அப்போதும் உஸ்மான் அலி கானின் ஆட்சிக்காலத்தில் ஆண்டுக்கு நூறு மைல் தேறாது. எனவே எண் எதுவானாலும் முடிவு ஒன்றுதான்: ஹைதராபாத்தின் மோட்டார் வரலாற்றுக்குச் சாட்சியாக நாம் முதலில் அழைக்கும் இந்தக் கார் சாலையை அதிகம் பார்த்ததே இல்லை. இங்கிருந்துதான் இந்த அத்தியாயத்தின் வாதம் தொடங்குகிறது. எஞ்சி நிற்கும் கார்களைப் பார்த்து 'அந்தக் காலத்தில் ஹைதராபாத்தில் என்னென்ன கார்கள் ஓடின!' என்று நாம் வியக்கிறோம். எஞ்சியவை பெரும்பாலும் ஓடாதவை. அவற்றைக் கொண்டு அரசவையின் வரலாற்றை எழுதலாம். மோட்டார் வரலாற்றை எழுதினால் தவறாகத்தான் வரும். அதற்கு உரிய வண்டிகள் வேறு. ஓடித் தேய்ந்து இரும்புக்கடைக்குப் போனதால் அவற்றில் அநேகமாக எதுவும் நம் கண்முன் இல்லை.

சில்வர் கோஸ்ட் என்ற அந்த மாடல் எதற்குப் பேர்போனது என்று பார்த்தால் இந்த முரண் இன்னும் துலங்கும். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி 1907-இல் தன் வெள்ளி நிறக் கார் ஒன்றைத் தொடர்ந்து 14,371 மைல் ஓட்டிக் காட்டியது. நடுவழியில் நிற்காத கார் என்ற பெயரை அந்த ஓட்டம்தான் வாங்கிக் கொடுத்தது. மறு ஆண்டே பம்பாயிலிருந்து கோலாப்பூர் வரை, மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களின் வழியாக நடந்த சோதனை ஓட்டத்தில் அதே வகைக் கார் வென்றது. இந்திய மன்னர்களின் கவனம் அதன்மேல் விழுந்தது அப்போதுதான். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜுக்காக நடந்த டெல்லி தர்பாருக்கு எட்டு சில்வர் கோஸ்ட் கார்கள் வரவழைக்கப்பட்டன. புதிதாகப் பட்டத்துக்கு வந்திருந்த ஏழாம் நிஜாமும் அந்தத் தர்பாருக்குப் போயிருந்தார். ஆக, நிற்காமல் ஓடும் என்பதற்காகவே உலகம் வாங்கிய ஒரு கார், ஹைதராபாத்துக்கு வந்ததும் ஓடாமல் நின்றது. வண்டியின் கோளாறு இல்லை இது. வாங்கிய இடத்தில் அதற்குக் கொடுத்த வேலை அப்படி.

அந்த வேலை என்ன? நிஜாமின் தர்பாரில் நஜர் என்றொரு வழக்கம் இருந்தது. பண்டிகை நாட்களிலும் விழாக்களிலும் ஜாகிர்தார்கள் என்ற நிலமானியதாரர்களும் அதிகாரிகளும் பொற்காசைக் கையிலேந்தி நிஜாமின் முன் நீட்டுவார்கள். முந்தைய நிஜாம்கள் பெரும்பாலும் அதைத் தொட்டுவிட்டுத் திருப்பித் தருவார்கள் என்றும், ஏழாமவர் எடுத்து வைத்துக்கொள்வார் என்றும் அவரைக் குறை கூறியவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். லாரி காலின்ஸும் டொமினிக் லாப்பியரும் 1975-இல் வெளியிட்ட 'ஃப்ரீடம் அட் மிட்நைட்' நூலில் இதையே கார்களுக்கும் நீட்டுகிறார்கள்: நகரில் நல்ல கார் ஒன்று நிஜாமின் கண்ணில் பட்டால், அதைப் பரிசாகப் பெற்றுக்கொள்ளச் சித்தமாயிருப்பதாக உரிமையாளருக்குச் சொல்லியனுப்புவாராம், இப்படிச் சேர்ந்த நூற்றுக்கணக்கான கார்களை அவர் பயன்படுத்தவே இல்லையாம். அந்த நூலின் சுவாரசியத்துக்கு வரலாற்றாசிரியர்கள் எப்போதும் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் படிப்பார்கள். நாமும் அப்படியே செய்வோம். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால் கதையின் அமைப்பு நஜர் வழக்கத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. பொற்காசு போலவே காரும் கீழிருந்து மேலே போகிறது. மேலே போனதும் நின்றுவிடுகிறது. அந்த அரண்மனையில் கார் என்பது பயணத்துக்கான சாதனமாகக் கருதப்படவில்லை. அது கஜானாவில் சேர்ந்த பொருள்.

உஸ்மான் அலி கானின் சிக்கனத்தைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. 1937 பிப்ரவரியில் 'டைம்' பத்திரிகை அட்டையில் படம் போட்டு உலகின் பெரும் பணக்காரர் என்று கொண்டாடிய மனிதர், பழைய துணியும் நைந்த தொப்பியுமாக அடிபட்ட காரில் போனார் என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவரைக் கார் சேர்த்தவர் என்று சொல்வது எப்படி என்று கேட்பார்கள். இரண்டு கதைகளும் ஒன்றையொன்று வெட்டவில்லை என்பது என் எண்ணம். போக வர ஒரு பழைய வண்டி. ஷெட்டில் வரிசையாக நல்ல வண்டிகள். சேமிப்பவரின் இயல்பே அதுதானே. நகைப்பெட்டி நிறைய இருக்க, கழுத்தில் கருகமணி மட்டும் போட்டுக்கொள்ளும் வீட்டுப் பெரியவர்கள் நமக்குத் தெரியாதவர்களா?

இன்னொரு கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். லண்டன் ஷோரூமில் அவமதிக்கப்பட்ட இந்திய மன்னர், ரோல்ஸ் ராய்ஸ் கார்களை மொத்தமாக வாங்கி வந்து குப்பை அள்ளவிட்டார். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. தமிழ்ப் பத்திரிகைகளில் இது எத்தனை முறை வந்திருக்கும் என்று எண்ண முடியாது. பெரும்பாலும் அல்வர் மன்னர் ஜெய்சிங்கின் பெயரில் சொல்கிறார்கள்; பரத்பூர், பாட்டியாலா மன்னர்களின் பெயரிலும் சொல்கிறார்கள்; நிஜாமின் பெயரிலும் சொல்கிறார்கள். வேறெதுவும் மாறாமல் நாயகன் மட்டும் சமஸ்தானத்துக்குச் சமஸ்தானம் மாறும் சம்பவத்தை நாட்டார் கதை என்றுதான் கொள்ள முடியும். நம் வாதத்துக்கு அது வேறு வகையில் உதவுகிறது. அந்தக் கதையை நாம் விரும்பிக் கேட்பதற்கு ஒரு காரணம், அதிலாவது அந்தக் கார்கள் தெருவில் இறங்கி ஒரு வேலை செய்கின்றன.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். நின்ற கார்கள்தான் எஞ்சின என்றால், நின்றதெல்லாம் எஞ்சியிருக்க வேண்டுமே? எஞ்சவில்லை. 1967 பிப்ரவரி 24 அன்று உஸ்மான் அலி கான் இறந்து, பேரன் முகர்ரம் ஜா பொறுப்பேற்றபோது அரண்மனை ஷெட்டுகளில் அறுபது கார்கள் இருந்ததாகவும், அவற்றில் நான்கு மட்டுமே ஓடும் நிலையில் இருந்ததாகவும் சொல்லப்படுகிறது. அந்த அறுபதுக்கும் பெட்ரோல், உதிரிபாகம் என்று கணக்கு மட்டும் மாதந்தவறாமல் எழுதப்பட்டு வந்ததாம். நம்பக்கூடிய செய்திதான். காரை ஓட்டாமல் வைத்திருப்பது அதைப் பாதுகாப்பதாகாது. டாங்கியில் தேங்கிய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும். டயர் நின்ற இடத்திலேயே தட்டையாகி வெடிக்கும். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். எலி வயரைக் கடிக்கும். ஆக, நின்ற கார்களுக்குள்ளும் ஒரு சலித்தெடுப்பு நடந்திருக்கிறது: சடங்குக்கு உரியது, வம்சத்தின் முத்திரை தாங்கியது என்று எதற்கு மதிப்பிருந்ததோ அதற்குக் கூரையும் பராமரிப்பும் கிடைத்தன, மற்றவை நின்றபடியே மடிந்தன. இதனால் என் வாதம் உடையவில்லை, கூர்மையாகிறது. காட்சிக்கு நிற்கும் காரைத் தேர்ந்தெடுத்தது அதன் அந்தஸ்து. அந்தக் காலத்துச் சாலையில் எது அதிகம் தென்பட்டது, எதை மக்கள் நம்பி ஏறினார்கள் என்பதற்கு அந்தத் தேர்வில் இடமே இல்லை.

முகர்ரம் ஜாவைப் பற்றி ஒரு வார்த்தை. நிஜாம் பரம்பரையில் இஞ்சினைத் திறந்து கையில் கிரீஸ் பூசிக்கொள்வதை விரும்பியவர் அவர் ஒருவரே என்று ஜான் சுப்ரிஸ்கி எழுதிய 'தி லாஸ்ட் நிஜாம்' நூலைப் படித்தால் தோன்றும். அவர் இந்த ஷெட்டுகளைச் சீர்செய்யவில்லை. வழக்குகளையும் வாரிசுச் சண்டைகளையும் விட்டுவிட்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆட்டுப்பண்ணைக்குப் போய் புல்டோசர் ஓட்டினார். 2023 ஜனவரியில் இஸ்தான்புல்லில் இறந்தவரை ஹைதராபாத்துக்குக் கொண்டுவந்து மக்கா மசூதியில் அடக்கம் செய்தார்கள். சௌமஹல்லாவைப் புதுப்பித்து 2005-இல் மக்களுக்குத் திறந்துவிட வைத்த பெருமை அவரது முதல் மனைவி இளவரசி எஸ்ராவுக்கு உரியது. 2010-இல் அந்தப் பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. நிஜாம் நகைகளின் கதி இதைவிட மேல்: 1995-இல் இந்திய அரசு சுமார் 218 கோடி ரூபாய் கொடுத்து 173 நகைகளை வாங்கி ரிசர்வ் வங்கியின் பெட்டகத்தில் வைத்தது. கார்களுக்காக எந்த அரசும் அப்படிப் பேரம் பேசவில்லை.

இனி ஓடியவற்றுக்கு வருவோம். சென்ற இதழில் 1908 மூசி வெள்ளத்தையும், அதற்குப் பின் விஸ்வேஸ்வரய்யா வந்து சொன்ன யோசனைகளையும், 1912-இல் அமைந்த நகர மேம்பாட்டு வாரியத்தையும் பார்த்தோம். சந்துகளை இடித்து அகலமாக்கியதும், பத்தர்கட்டியில் கல் வளைவுகளோடு கடைவீதி எழுப்பியதும், சாலைகளுக்கு சிமெண்ட் போட்டதும் அந்தத் தொடர்ச்சியில் நடந்தவை. சிமெண்டுக்கு வெளியே கையேந்த வேண்டியிருக்கவில்லை. சமஸ்தானத்துக்குள்ளேயே, குல்பர்கா மாவட்டத்து ஷாஹாபாத்தில் ஆலை இருந்தது. 'நவாபுகளின் கார்களுக்காகத்தான் இந்தச் சாலைகள்' என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். காலவரிசை அதற்கு ஒத்துவராது. வாரியத்தைப் பிறப்பித்தவை வெள்ளமும் பிளேக்கும் சாக்கடையும். அகலமான தெரு என்பது முதலில் சுகாதாரத் திட்டம். 1931 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை நாலரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதில் கார் வைத்திருந்த குடும்பங்கள் ஒரு சிறு வட்டம். டோங்காக்களும் சைக்கிள்களும் கால்நடையாகப் போகிறவர்களும்தான் அந்தச் சாலையை நிறைத்தார்கள். அவர்களையெல்லாம் மோட்டாரில் ஏற்றிய வண்டி 1932-இல் வந்தது.

நிஜாம் உத்தரவாத ரயில்வேயை அதன் ஆங்கிலேயக் கம்பெனியிடமிருந்து சமஸ்தான அரசு 1930 ஏப்ரலில் வாங்கிக்கொண்டது. இந்தியா முழுவதும் அப்போது ரயில்வேக்காரர்களின் தலைவலி ஒன்றுதான்: தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே தனியார் பஸ்கள் ஓடிப் பயணிகளைக் கவர்ந்துகொண்டிருந்தன. ஹைதராபாத் கண்ட தீர்வு, பஸ்ஸையும் ரயில்வேயே ஓட்டுவது. 1932 ஜூனில் நிஜாம் அரசு ரயில்வேயின் ஒரு பிரிவாகச் சாலைப் போக்குவரத்துத் துறை 27 பஸ்களோடும் 166 பணியாளர்களோடும் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தயாரான ஆல்பியன் வண்டிகள் அவை. பஸ் ஒன்றுக்கு ஆறு பணியாளர்கள் என்ற கணக்கை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஓட்டுநர், நடத்துநர், மெக்கானிக், கிளீனர், குமாஸ்தா என்று மோட்டாரை நம்பி மாதச் சம்பளம் வாங்கும் ஒரு கூட்டம் உருவாகிறது. அதுவரை இந்த நகரில் மோட்டார் தெரிந்தவன் பெரும்பாலும் ஏதோ ஒரு மாளிகையின் வேலைக்காரன். அரியணைக் காரின் ஓட்டுநருக்கு எஜமானர் ஒருவர். ஆல்பியன் ஓட்டுநருக்குக் கால அட்டவணை எஜமானன்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேற்றுமை உடனே படும். நம் பக்கம் பஸ் தனியார் முயற்சியாக வளர்ந்தது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார், ஜி.டி.நாயுடு 1920-இல் பொள்ளாச்சி–பழனி வழியில் தொடங்கி யு.எம்.எஸ். கம்பெனியைக் கட்டினார். பெரும்பாலான பஸ்கள் அரசுடைமையானது 1960-களின் இறுதிக்குப் பிறகுதான். ஹைதராபாத்தில் பஸ் வளர்ந்ததே அரசுடைமையாக. 1951 நவம்பரில் அந்தத் துறை ரயில்வேயிலிருந்து பிரிந்து மாநில அரசிடம் வந்தது. 1958 ஜனவரி 11 அன்று ஆந்திரப் பிரதேச மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகமானது. பின்னாளில் உலகிலேயே பெரிய பேருந்துப் படை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதன் வண்டிகளின் பதிவெண்ணில் 'இசட்' என்ற எழுத்து வருவதற்கு, ஏழாம் நிஜாமின் தாய் ஸஹ்ரா பேகத்தின் நினைவுதான் காரணம் என்று ஹைதராபாத்காரர்கள் சொல்வார்கள். உண்மையோ, பின்னால் கட்டிய கதையோ, மன்னரின் நினைவு அவருடைய ரோல்ஸ் ராய்ஸில் இல்லாமல் பஸ்ஸின் நம்பர் பிளேட்டில் தினமும் ஊர் சுற்றியிருக்கிறது.

அந்த முதல் 27-இல் எது மிஞ்சியது? ஆல்பியன் ஒன்றைக் கழகம் நினைவுச்சின்னமாகப் பாதுகாத்துக் காட்சிக்கு வைத்தது. ஓடிய வண்டியும் எஞ்சியிருக்கிறதே என்று இதைக் காட்டி என்னை மடக்கலாம். நியாயமான மடக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபத்தேழில் ஒன்று எஞ்சியது, அதைக் காக்க ஒரு பெரிய அரசு நிறுவனமும் அதன் பெருமையும் இருந்ததால். வண்டிகள் நின்று புறப்பட்ட இடத்துக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. கௌளிகுடாவில், மூசிக் கரையோரம், விமானக் கொட்டகை போன்ற வளைந்த தகரக் கூரையோடு ஒரு பஸ் நிலையம் இருந்தது. அமெரிக்காவின் பட்லர் கம்பெனி தயாரித்த விமானக் கொட்டகைதான் அது என்றும், 1932-இல் பஸ்களுக்காக மாற்றப்பட்டது என்றும் சொல்வார்கள். பல தலைமுறைகளின் வெளியூர்ப் பயணம் அதன் நிழலில் தொடங்கியது. 1994-இல் இம்லிபனில் மகாத்மா காந்தி பஸ் நிலையம் வந்தபின் நகர பஸ்கள் மட்டும் அங்கே நின்றன. 2018 ஜூலை 5 அதிகாலையில் கூரை மொத்தமாகச் சரிந்தது. ஆபத்தை உணர்ந்து முன்பே காலி செய்திருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. ஹைதராபாத்தின் மோட்டார் வரலாற்றுக்கு ஒரே ஒரு கட்டடத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்றால், அது கௌளிகுடாவாக இருந்திருக்க வேண்டும்.

'பஸ் வேறு, கார் வேறு. தனியார் கார்களும் நகரில் ஓடத்தானே செய்தன?' என்பது அடுத்த ஆட்சேபம். ஓடின. பம்பாய்த் துறைமுகத்தில் பிரிட்டிஷ் இந்தியச் சுங்கம், சமஸ்தான எல்லையில் 1802 ஒப்பந்தப்படி நிஜாம் அரசு விதிக்கக்கூடிய 5 சதவீதம் என்று இரண்டு வரி கட்டியும் ஆஸ்டின், மோரிஸ், ஃபோர்டு, பியூக் எல்லாம் வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயிலேயே கார்களைப் பூட்டத் தொடங்கியபின் அமெரிக்க வண்டிகள் எளிதாகக் கிடைத்தன. டாக்டர்கள், வக்கீல்கள், செகந்திராபாத் வியாபாரிகள் எல்லோரும் வாங்கினார்கள். ஆனால் இந்த வண்டிகளின் பின்கதையைக் கவனியுங்கள். 1948 செப்டம்பரில் ஹைதராபாத்தை இந்தியாவோடு இணைத்த ஐந்து நாள் ராணுவ நடவடிக்கை. 1949 ஆகஸ்டில் ஜாகிர் ஒழிப்பு. பெரிய கார் வைத்திருந்த வீடுகளின் வருமானம் ஓராண்டுக்குள் அறுந்தது. அதே சமயம் இந்திய அரசு இறக்குமதிக்குக் கடிவாளம் போட்டது. 1953 சுங்க ஆணையத்தின் முடிவுக்குப் பின், இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டமில்லாத ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. உதிரிபாகம் வரும் வழி அடைபட்டது. இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட்டியாக வேண்டிய காலம் பிறந்தது.

நம் தொழில்நுட்ப வரலாற்றில் யாரும் சரியாக எழுதாத அத்தியாயம் இது. அமெரிக்கக் காரின் பெட்ரோல் இஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, சென்னை சிம்ப்சன் கம்பெனி தயாரித்த பெர்கின்ஸ் டீசல் இஞ்சினைப் பூட்டுவார்கள். லாரியின் கியர்பாக்ஸ், ஜீப்பின் அச்சு, அம்பாசிடரின் ஹெட்லைட் என்று கிடைத்ததையெல்லாம் சேர்ப்பார்கள். கிடைக்காததைப் பட்டறையில் கடைந்துவிடுவார்கள். 1973-இல் எண்ணெய் விலை நாலு மடங்கு ஏறியபின் இந்தக் கைவேலை இன்னும் பரவியது. இப்படி முப்பது நாற்பது வருடம் ஓடிய வண்டியில் தொழிற்சாலையிலிருந்து வந்த பாகம் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? கடைசியில் அதை எடைக்கு எடை போட்டார்கள். ஓடியது என்பதே அதன் அழிவுக்குக் காரணம். அந்த மெக்கானிக்குகளின் திறமை எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. இருந்தால் 'மாற்றியமைக்கப்பட்டது' என்று குறையாகத்தான் பலகை வைப்பார்கள்.

அடுத்த தலைமுறையின் நினைவில் உள்ள கார்கள் மூன்று: உத்தரபாராவின் அம்பாசிடர், பம்பாய் குர்லாவின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இன்று ஐம்பதைத் தாண்டிய ஹைதராபாத்காரர்களுக்கும் சென்னைக்காரர்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இருக்காது. 1957-இல் வந்த அம்பாசிடர் 2014 மே மாதம் நின்றது. ஹெரால்டு 1961-இல் வந்து பத்தாண்டில் போனது. ஃபியட் 1970-களில் பத்மினி என்று பெயர் மாறிப் புத்தாயிரம் பிறக்கும்வரை தாக்குப்பிடித்தது. 1970-களில் நாடு முழுவதற்குமே ஆண்டுக்கு முப்பது, நாற்பதாயிரம் கார்கள்தான் தயாராயின. ஏக்கத்தோடு நினைவுகூரும்போது நாம் இதை மறந்துவிடுகிறோம். 'அப்போதெல்லாம் கார் என்றால் ஒரு மரியாதை' என்கிறோமே, அந்த மரியாதைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வரிசைதான் காரணம். 1983 டிசம்பரில் மாருதி வந்ததும் மரியாதை குறைந்தது. கார் ஓடத் தொடங்கியது.

இந்த வாதம் வெறும் ஏட்டுச் சர்ச்சை இல்லை என்பதற்குச் சட்டமே சாட்சி. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 'விண்டேஜ்' வாகனங்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். மூல வடிவிலேயே இருக்க வேண்டும். சேசிஸ், உடல், இஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. தகுதி பெற்றால் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு பதிவெண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டுக்குச் செல்லும். பெற்ற பிறகு அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது இவற்றுக்கு மட்டும் சாலைக்கு வரலாம். பழைய கார்களை நேசிப்பவர்கள் பலகாலம் கேட்டுப் பெற்ற விதிகள் இவை, பயனுள்ளவைதான். மூல வடிவம் வேண்டும் என்று கேட்காமல் எதையும் பாதுகாக்க முடியாது என்ற அவர்கள் கட்சியையும் நான் மறுக்கவில்லை. இல்லையென்றால் நேற்று ஒட்டுப்போட்ட தகரமெல்லாம் பாரம்பரியம் என்று வந்து நிற்கும். ஆனாலும் பெர்கின்ஸ் இஞ்சின் பூட்டி நாற்பது வருடம் உழைத்த டாட்ஜ் இந்த வாசலிலேயே தடுக்கப்படும். 356 மைல் ஓடிய அரியணைக் கார் உட்கார்ந்த இடத்திலிருந்தே தகுதி பெறும். உஸ்மான் அலி கானின் ஷெட்டில் நடந்த அதே சலித்தெடுப்பை இப்போது அரசிதழ் நடத்துகிறது.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. நகரின் மற்றொரு கார் அருங்காட்சியகம் பகதூர்புராவில், மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுதாகர் யாதவ் 2010-இல் தொடங்கிய சுதா கார் மியூசியம் அது. கிரிக்கெட் மட்டை, பர்கர், கத்தரிக்காய் வடிவங்களில் ஓடும் கார்களைப் பார்க்கக் குழந்தைகள் கூடுவார்கள். பழைய கார் ரசிகர்கள் வேடிக்கை என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த வண்டிகள் பெரும்பாலும் காயலான் கடைப் பாகங்களைக் கொண்டு கையால் செய்தவை. ஓடித் தேய்ந்த கார்களின் எலும்பும் இஞ்சினும் எங்கே போயின என்று தேடுகிறவருக்குச் சௌமஹல்லாவைவிட இங்கே தடயம் அதிகம். கோவையில் ஜி.டி.நாயுடு குடும்பத்தார் 2015-இல் திறந்த ஜீடி கார் மியூசியம் இன்னொரு வழியைக் காட்டுகிறது: சாதாரண மக்கள் வாங்கிய சிறிய கார்களும் அங்கே மதிப்போடு நிற்கின்றன. இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒரு தொழிலதிபரின் வீட்டில் பிறந்த சேகரிப்புக்கும், நஜர் வாங்கிய அரண்மனையில் பிறந்த சேகரிப்புக்கும் உள்ள தூரம் அது.

ஓடிய வண்டிகளைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அவற்றின் கணக்குகள் கிடைக்கலாம். நிஜாம் ஆட்சியின் பொதுப்பணித் துறை, ரயில்வே, சுங்கம் ஆகியவற்றின் கோப்புகள் தார்நாக்காவில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எழுத்தில் பாதி பாரசீகமும் உருதும் என்பதால் மோட்டார் ஆர்வலர்கள் அந்தப் பக்கம் போவது அரிது. பஸ்களுக்கு உடல் கட்டியவர்களின் கதையும் அந்தக் கோப்புகளோடு பின்னிக் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942-இல், சமஸ்தானத்தின் தொழில் நிதியும் அலாவுதீன் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய ஹைதராபாத் ஆல்வின் உலோகத் தொழிற்சாலைதான் பின்னாளில் நகரின் மாடி பஸ்களுக்கு உடல் கட்டியது, வீடுகளுக்கு ஃப்ரிட்ஜ் செய்தது, ஜாகிராபாத்தில் நிசானோடு சேர்ந்து சிறிய லாரியும் விட்டது. அடுத்த இதழில் அந்த ஆலைக்குள் போவோம்.

(தொடரும்)